மூக்கக்காவின் கடை

பழுது பார்க்கச் சொல்லி போனை நீட்டினால் அவள் உடனே கையில் வாங்க மாட்டாள். கழுத்தை மட்டும் லேசாக நீட்டி, ஒரு முழம் தள்ளியே நின்று முகர்ந்து பார்ப்பாள். கண்ணாடி உடைந்ததா, தண்ணீரில் விழுந்ததா என்ற விசாரணையெல்லாம் அப்புறம்தான். "சரி, குடுங்க" என்று மூக்கு உத்தரவு கொடுத்த பிறகே கை நீளும். புதிதாக வருகிறவர்கள் சங்கடத்தோடு தங்கள் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொள்வார்கள். 'மூக்கக்கா' என்ற பெயர் அப்படி வந்ததுதான். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பெயர்ப்பலகைச் செலவு மிச்சம் என்பாள்.

உள்ளே கசியும் பேட்டரிக்கு ஒரு தித்திப்பு வாடை உண்டு. நகப்பூச்சை அழிக்கும் திரவத்தைத் திறந்து வைத்ததுபோல் இருக்கும். வாடை வந்தால்தான் எச்சரிக்கை என்றும் இல்லை. தொட்டால் சுடுகிறதா, முதுகு புடைத்திருக்கிறதா என்றும் பார்ப்பாள். "வாடை வந்தா மூக்குக்கு வேலை. புகை வந்துட்டா காலுக்குத்தான் வேலை" என்பது கடைக்கு வருகிற எல்லோருக்கும் மனப்பாடம். அந்தப் புகை நஞ்சு, அதில் மூக்கை நுழைத்து வீரம் காட்டக் கூடாது.

ஒரு ஷட்டர் அகலமே உள்ள கடை. அதற்குள் உலகத்தையே அடைத்து வைத்திருக்கிறாள். கழற்றிய ஸ்க்ரூ, செத்த ஸ்பீக்கர், பாதி கிழிந்த வயர், எதையும் வீச மாட்டாள். பழைய மருந்து டப்பாக்களில் போட்டு, "நாளைக்கு ஆகும்" என்று ஒரு குலுக்குக் குலுக்கி மூடி வைப்பாள். அவள் கைக்குட்டைகூட ஒரு காலத்தில் சட்டைக் கையாக இருந்ததுதான்.

உப்பிய பேட்டரியிடம் மட்டும் அந்தத் தாட்சண்யம் கிடையாது. "லேசா அமுக்கி மூடிக் குடுங்கம்மா, ஒரு மாசம் ஓட்டிடுவேன்" என்று கெஞ்சிய ஒருவரிடம் அவள் சொன்னது இது: "உப்பினதை அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜும் போடக் கூடாது. எங்க வீட்டுக்காரர் கோபம் மாதிரி. தள்ளி வச்சிடணும்." அவளுடைய வீட்டுக்காரர் அப்போது பக்கத்தில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்படவில்லை. உப்பிய பேட்டரி பின்பக்க முற்றத்துக்குப் போய், மணல் போட்ட இரும்புப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டது.

கடைக்கு மேலே மாடியில் தம்பி குடும்பம். தம்பிக்கு வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அவனுடைய மின்சார சைக்கிளின் பேட்டரியை மாடிப்படிக்குக் கீழேதான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தான். மேலே கைக்குழந்தையோடு அவன் மனைவி. இறங்குவதற்கு அந்தப் படி ஒன்றுதான் வழி. அங்கே சார்ஜ் போடாதே என்றாள் அக்கா. நயமாகச் சொன்னாள், கத்திச் சொன்னாள், தம்பி மனைவியை விட்டும் சொல்ல வைத்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஒரு நாள் அவன் வேலை முடிந்து வந்தபோது படிக்குக் கீழே ப்ளக் பாயிண்டே இல்லை. கழற்றிவிட்டு, ஓட்டையைச் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தாள்.

"கரண்ட் எங்கக்கா போச்சு?"

"பின்னாடி போயிருக்கு. நீயும் போ."

அன்றிலிருந்து சார்ஜ் முற்றத்தில்தான், வெறும் சிமெண்ட் தரையில். கழற்றிய ப்ளக் பாயிண்ட் மருந்து டப்பாவில் இருக்கிறது. நாளைக்கு ஆகுமே.

இடம் மாறியது, ஆள் மாறவில்லை. போன வாரம் அவன் சார்ஜர் பழுதாகிவிட்டது. அக்காவிடம் கொடுத்தால் பேச்சு வாங்க வேண்டும் என்று, கூட்டாளியின் சார்ஜரை வாங்கிவந்து மாட்டிவிட்டான். "பின் சரியாப் பொருந்துச்சேக்கா" என்று பிறகு சொன்னான். பொருந்தியது பின் மட்டும்தான், வோல்டேஜ் இல்லை.

அன்று சாயங்காலம், குக்கர் விசில் வருவதற்கு முன் சீறுவதுபோல் ஒரு சத்தம். முற்றத்தில் வெள்ளைப் புகை. ஈரச் சாக்கோடு பேட்டரியைத் தூக்க ஓடிய தம்பியின் காலரைப் பிடித்து இழுத்தாள் அக்கா. கடைக்குள் இருந்த மெயினை அணைத்தாள், பின்கதவைச் சாத்தினாள், மாடியைப் பார்த்துக் கத்தினாள். தம்பி மனைவி குழந்தையோடு படியில் தடையில்லாமல் இறங்கி வந்தாள். எல்லோரும் தெருவுக்கு வந்த பிறகு, தெருவில் நின்றுதான் தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டாள்.

வந்தவர்கள் தண்ணீரை வாரி இறைத்து அடக்கினார்கள். கருகியதை நீளக் கம்பியால் இழுத்துப்போய்ப் பின்னாலிருந்த காலி மனையின் நடுவில் விட்டார்கள். "அணைஞ்சிடுச்சுன்னு நம்பாதீங்க. இது தூங்குற மாதிரி நடிக்கும். யாரும் கிட்டப் போகாதீங்க, புகைஞ்சா உடனே கூப்பிடுங்க" என்று அவர்களில் பெரியவர் சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்தது. தம்பி மட்டும் கலையவில்லை. அக்காவின் மேசையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு காலி மனைக்குள் இறங்கினான். நாலு எட்டு வைப்பதற்குள் அவள் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"விடுக்கா. ஆறிப்போச்சு. பேட்டரிக்குள்ள பாதி செல்லாவது நல்லா இருக்கும். அதாங்கா என் சோறு."

"சோறு வேற கிடைக்கும்."

"நீ ஒரு ஸ்க்ரூவைக்கூட வீச மாட்டே. நான் மட்டும் மொத்தத்தையும் விட்டுடணுமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. சின்ன வயதிலிருந்து அவளைப் பார்த்துத்தானே அவனுக்கு இந்தப் புத்தி வந்தது. அதற்காகப் பிடி தளரவில்லை.

"ஆமாடா, நான் எதையும் வீச மாட்டேன். உன்னையும் வீச மாட்டேன். அதான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

அவன் திமிறினான். சட்டையில் ஒரு பட்டன் தெறித்தது. அவள் அவனை இழுத்துக்கொண்டே பின்னால் நடந்தாள், முற்றத்து மதில் வரைக்கும். அப்போது அந்தக் கருகிய மூட்டை ஒருமுறை சீறியது. அடுத்த நொடி ஆளுயரத்துக்குத் தீ எழுந்தது. உள்ளேயிருந்து பொறிகள் பட்டாணி வெடிப்பதுபோல் நாலு பக்கமும் தெறித்தன. தம்பி குனிந்து நின்றிருக்க வேண்டிய இடம் அது.

அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா மறுபடியும் தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டாள். மதிலுக்கு இந்தப் பக்கம் அவனைக் கொண்டுவந்து சேர்த்தாள். பிறகு அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். இந்த முறை ஒரு முழம் தள்ளி நிற்கவில்லை. புகை நாற்றமடித்த அந்த முடிக்குள் மூக்கைப் புதைத்து, ஆழமாக முகர்ந்தாள்.

"விடுக்கா, எல்லாரும் பாக்குறாங்க" என்றான். அவள் விடவில்லை.