லைன் இல்லாத பேக்ஸ்

எனக்கு எதையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. சுரங்கத்தில் கேஜுக்கு மணி அடிக்கும் வேலை பார்த்தவன் நான். ஆட்களை ஏற்றி இறக்கும் அந்தக் கூண்டுக்கு நாங்கள் கீழிருந்து மணி அடித்தால், மேலே இருப்பவர் அதே மணியைத் திருப்பி அடிக்க வேண்டும். அது வராமல் கூண்டு நகராது. சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும், வீட்டில் யாராவது ‘சரி’ என்றால், “இன்னா சரி, திருப்பிச் சொல்லு” என்பேன். என் மனைவிக்கு இதில் தீராத எரிச்சல்.

போன வருஷம், அமெரிக்காவில் மகனோடு இருக்கும் என் தங்கைக்கு ஆபரேஷன் என்றார்கள். முன்பு இங்கே ஆபரேஷன் நடந்தபோது ஒரு மயக்க ஊசி ஒத்துக்கொள்ளாமல் மூச்சு நின்று, அவள் பிழைத்ததே பெரிய விஷயம். அந்த ஊசியின் பேர் அவளுக்குத் தெரியாது. அதை எழுதியிருந்த பழைய டிஸ்சார்ஜ் சீட்டு என்னிடம் இருந்தது. டாக்டரின் கிறுக்கல் எனக்கும் புரியவில்லை. போனில் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதெல்லாம் செல்லாது, பேக்ஸில் வந்தால்தான் பைலில் சேர்ப்போம் என்று அமெரிக்க ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. அங்கே விடிந்தால் ஆபரேஷன்.

எங்கள் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் தெரிந்த ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். அங்கே முன்பு போன் லைனில் ஓடும் பேக்ஸ் மெஷின் இருந்தது. நம்பரைப் போட்டால் அந்தப் பக்கத்து மெஷின் கீச்சென்று கத்தும், நம் தாள் கண்ணெதிரே மெல்ல நகரும், முடிந்ததும் போய்ச் சேர்ந்ததாக ஒரு சீட்டு வெளியே வரும். இப்போது மெஷினும் இல்லை, லைனும் இல்லை. கடைக்காரர் தாளை ஸ்கேனரில் விட்டுக் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார்.

“இதுல யாரு டயல் பண்றாங்க?” என்று கேட்டேன்.

“எங்கியோ ஒரு கம்பெனி இருக்குதுண்ணா. நாம நெட்ல அனுப்சா, அவங்க மெஷின் லைன் போட்டு அனுப்பிடும்.”

“எங்கியோன்னா எங்க? நடுவுல எவனாவது படிச்சுப் பாக்க மாட்டானா?”

“உங்க சீட்ட படிச்சு அவன் இன்னா பண்ணப் போறான், போங்கண்ணா.”

திரையில் அனுப்பியாயிற்று என்று வந்தது. கம்பெனிக்குப் போனதா, ஆஸ்பத்திரிக்குப் போனதா என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தால் மெயில் வரும் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கொஞ்ச நேரத்தில், சேர்ந்துவிட்டதாக ஒரு மெயிலும் வந்தது. அப்போதும் என் மனசு ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த தங்கைக்குப் போன் போட்டு, வந்ததை நர்ஸைப் படிக்கச் சொல் என்றேன்.

“வெறும் வெள்ளத்தாள்தான் வந்திருக்குதுண்ணா” என்றாள்.

நடுவில் எவனோ கை வைத்துவிட்டான் என்று கத்தினேன். கடைக்காரர் ஸ்கேனரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பழைய மெஷினில் எழுத்துப் பக்கம் கீழே இருக்க வேண்டும். அதே பழக்கத்தில் இதிலும் தாளைக் குப்புறப் போட்டிருக்கிறார். இதற்கு எழுத்து மேலே இருக்க வேண்டுமாம். நான் தொணதொணத்ததில் திரையில் வெறும் வெள்ளையாக விழுந்ததை அவர் கவனிக்கவே இல்லை. முன்பின் தெரியாத அந்தக் கம்பெனி, கொடுத்த வெள்ளைத்தாளை ஒழுங்காகத்தான் சேர்த்திருந்தது.

திருப்பிப் போட்டு அனுப்பினோம். இந்த முறை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நர்ஸ் ஊசியின் பேரை ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பது கேட்டது. அப்புறம் காகிதம் புரளும் சத்தம், இரண்டு பேர் இங்கிலீஷில் வேகமாகப் பேசும் சத்தம். அப்புறம் தங்கை போனுக்கு வந்தாள்.

“நாளைக்குப் போட அதே ஊசியத்தாண்ணா எழுதி வச்சிருந்தாங்க. இப்பதான் அந்தப் பேர அடிச்சிட்டு வேற எழுதுறாங்க.”