சத்தமில்லாத ஊரின் மேயர்

என் வீட்டுக்காரர் ஒரு நகரத்துக்கு மேயர். தேர்தல் இல்லை, கட்சி இல்லை, மாலை போட ஆள் இல்லை. எங்கள் தறிப்பட்டறைக்குப் பில் போடுவதற்காக வாங்கிய கம்ப்யூட்டரில் அவராகவே பதவி ஏற்றுக்கொண்டார். பாவு நூல் சரியாக வராமல் பாதித் தறிகள் சும்மா நின்ற ஒரு மாதத்தில், ராசிபுரத்திலிருந்து அவருடைய சிநேகிதர் வந்து, "சும்மா உக்காந்திருந்தா கண்ட யோசனையும் வரும், இத வெளையாடு" என்று ஊர் கட்டும் விளையாட்டு ஒன்றை அதில் ஏற்றிவிட்டுப் போனார். சண்டை கிடையாது, எதிரி கிடையாது, அவசரமும் கிடையாது. ரோடு போட வேண்டும், கரண்டு இழுக்க வேண்டும், தண்ணீர் விட வேண்டும். சனங்கள் தாங்களாகவே வந்து குடியேறுவார்கள். அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று மேயர் அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். கட்டிக்கொண்டு வந்தவளைப் பார்த்து அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டில் பெரிய சத்தம் என்றால் அது மிக்ஸி ஓடுவதுதான். என்னைக் கொண்டுவந்து வெண்ணந்தூரில், முன்னால் வீடும் பின்னால் விசைத்தறிப் பட்டறையும் இருக்கிற குடும்பத்தில் கொடுத்தார்கள். நடுவில் ஒரே ஒரு சுவர். தறிகள் ஓட ஆரம்பித்தால் அலமாரியில் இருக்கிற டம்ளர்கள்கூடச் சேர்ந்து தாளம் போடும். பட்டறைக்குள் யாரும் பேசிக்கொள்வதில்லை. விரலை மடக்கி வாய்ப்பக்கம் கொண்டுபோனால் டீ, உள்ளங்கையைத் திருப்பினால் இல்லை, மற்றதெல்லாம் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். நானும் கற்றுக்கொண்டேன். ஆனால் வீட்டுக்குள்ளும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கோபத்தைக் கத்திச் சொல்லலாம், கணக்கைக் கத்திச் சொல்லலாம். கொஞ்சலை எப்படிக் கத்திச் சொல்வது?

மேயரின் ஊருக்கு வருகிறேன். புது வெண்ணந்தூர் என்று பெயர் வைத்திருந்தார். வீடுகளுக்கு நடுநடுவே தொழிற்சாலைகளைச் செருகியிருந்தார். விளையாட்டில் தொழிற்சாலை என்று பொதுவாகத்தான் இருக்கிறது, இவருக்கு எல்லாமே தறிப்பட்டறை. ஏன் இப்படி என்று கேட்டால், "வேலைக்கு நாலு எட்டுல போயிட்டு வந்தர்லாமில்ல?" என்றார். கொஞ்ச நாளில் வீடுகளின் தலைக்கு மேல் சிவப்பாக ஒலிபெருக்கிப் படம் மின்ன ஆரம்பித்தது. சத்தம் தாங்க முடியவில்லையாம். பிறகு சனங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. ஆம்புலன்ஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன.

"சத்தத்துக்கெல்லாம் நோவு வருமா? எந்த ஊர்ச் சனங்க புள்ள இவுங்க?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். அவர்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டினார். அது போதாமல் இன்னொன்று கட்டினார். தொழிற்சாலையை மட்டும் நகர்த்தவில்லை. கடைசியில் ஒவ்வொரு வீடாக விளக்கணைந்து கறுத்துப் போனது. குடியிருந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அன்று முழுக்க மேயர் சரியாகச் சாப்பிடவில்லை. "சொல்லாமக் கொள்ளாமக் காலி பண்ணிப்போட்டுப் போயிட்டானுங்க. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லிருக்கலாமில்ல?"

"சிவப்பு விளக்குப் போட்டுக் காட்டினாங்களே, வேற எப்படிங்க சொல்லணும்? அவங்க போனது நியாயந்தான்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விளையாட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே, ராசிபுரம் போகிற வழியில் எங்களுக்கு ஒரு மனை இருக்கிறது. சுற்றிலும் சோளக்காடு, தள்ளி ஒரு கிணறு, அவ்வளவுதான். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இனி அங்கே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது என் ஆசை. பட்டறை இங்கேயே இருக்கட்டும், வண்டியில் வந்து போனால் ஆயிற்று. அவரோ பட்டறைக்கு மேலேயே மாடி எடுத்து அங்கே குடியிருக்கலாம் என்று பிடிவாதமாக நின்றார். மனுஷன் எதற்கும் இவ்வளவு முரண்டு பிடித்ததில்லை. புடவை எடுப்பதிலிருந்து மாப்பிள்ளை பார்த்தது வரை என் இஷ்டத்துக்கு விட்டவர், இந்த ஒன்றில் மட்டும், "அங்க போயி அந்தக் காட்டுல என்ன பண்றது?" என்பார். அதற்கு மேல் காரணம் சொல்ல மாட்டார். எனக்கு இதில் வந்த ஆத்திரத்தைப் பாத்திரங்கள் அறியும்.

அப்படி இருக்கையில்தான் அந்த மின்தடை நாள் வந்தது. பராமரிப்பு வேலை என்று மாதத்துக்கு ஒரு நாள் கரண்டை நிறுத்துவார்கள். தறிகள் ஓய்ந்துவிடும். எனக்கு அது தீபாவளியைவிடப் பெரிய நாள். அன்று மேயர் இன்வெர்ட்டர் கரண்டில் ஊரைக் கவனித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திரையில் ஒரு பூங்காவை நெருக்கத்தில் கொண்டுவந்து மரம் நட்டுக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரிலிருந்து குருவிகள் கத்தின. நிஜமாகவே கத்துவது போல அவ்வளவு துல்லியம்.

எழுந்து அவர் பக்கத்தில் போய், "குருவி என்னமாக் கத்துது பாருங்க" என்றேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அங்க இல்லைங்க, உங்க ஊர்ல."

"இந்த வெளையாட்டுக்குச் சத்தமே கெடையாது புள்ள" என்று சொல்லிவிட்டு மரம் நடப் போய்விட்டார். வம்புக்கு இழுக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். திரும்பி வந்து கீரையின் முன் உட்கார்ந்தேன்.

வீடு முழுக்க அமைதி. குருவிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. அவர் முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. ஐம்பதைத் தாண்டிய மனுஷன், முகம் தெரியாத சனங்கள் விட்டுப் போனார்கள் என்று வருத்தப்பட்டு, அவர்களைத் திரும்ப வரவழைக்க மரம் நட்டுக்கொண்டிருக்கிறார். இவரிடம் போய் என்ன சண்டை? அந்த மாடிதான் வேண்டுமென்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. மெதுவாகத்தான் சொன்னேன். "சரிங்க, மாடியே எடுத்துக்கலாம். நீங்க சந்தோசமா இருந்தாப் போதும்."

எத்தனையோ மாதமாக அவர் காத்துக்கொண்டிருந்த வார்த்தை அது. அவர் திரும்பவில்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் இறங்கி வந்தால் இவருக்கு ஏத்தமா என்று, இன்னும் கொஞ்சம் உரக்க, "மாடியே கட்டலாங்கறேன்" என்றேன். அவர் நிதானமாக இன்னொரு மரம் நட்டார். கீரைக் காம்பு என் கையிலேயே நின்றது. குருவிகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. இந்த விளையாட்டுக்குச் சத்தமே கிடையாது என்று அவர் சொன்னது வம்பில்லை. அவருக்கு அது நிஜம்.

எழுந்துபோய் அவருக்கு எதிரே நின்றேன். அவர் கண் நேராக என் உதட்டுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் இந்தப் பார்வையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பேசும்போது முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன் என்கிறாரே என்று என் அக்காவிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

"எப்ப இருந்துங்க காது கேக்கலை?" என்று கேட்டேன்.

"கேக்காமயெல்லாம் இல்ல. பட்டறைக்குள்ள நல்லாத்தான் கேக்குது" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. மவுஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "பட்டறைக்குள்ள எல்லாருந்தான் செவுடு புள்ள. யாருக்கும் தெரியாது. அந்தக் காட்டுல போயி உக்காந்தா நான் ஒருத்தன்தான் செவுடு. நீ பேசப் பேச நான் பொம்மையாட்டம் உக்காந்திருக்கோணும்."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இத்தனை வருஷம் கத்திக் கத்தித் தொண்டை காய்ந்தவள் நான். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். மேயர் தம் சனங்களைப் பற்றிச் சொன்ன அதே புகார் இப்போது என் வாய்க்கு வந்தது. சொல்லாமல் விழுங்கிவிட்டேன்.

"முன்னால என்னமோ சொன்னயா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க. காபி வேணுமான்னு கேட்டேன்."

நான் விட்டுக்கொடுத்த அந்த ஒரு நிமிஷம் யார் காதிலும் விழாமல் போனது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால், சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது டாக்டர் ஒன்றை ஒளிக்காமல் சொன்னார். போனது போனதுதான், மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சத்தத்தை விட்டு விலகி இருக்க வேண்டும், குடியிருப்பதும் பட்டறை மேலேயே என்றால் அதுவும் போய்விடும் என்றார். இனி மனை என் ஆசைக்காக மட்டும் இல்லை.

காதில் மாட்டும் மெஷின் ஒன்றும் கொடுத்தார்கள். பட்டறையில் மாட்டினால் மண்டைக்குள் தறி ஓடுகிறது என்பார். வீட்டில் மாட்டினால் விசில் அடிக்கிறது என்பார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அது அவருக்கு ஒத்துவந்தது. ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும்போது அதை மாட்டிக்கொண்டு விளையாட உட்கார்ந்துவிடுவார். ஆக, மேயருக்குக் காது கேட்டது, புருஷனுக்குக் கேட்கவில்லை.

அப்படி முதல் ஞாயிறு உட்கார்ந்து, பூங்காவைத் தாண்டித் தொழிற்சாலைப் பக்கம் நெருங்கியதும் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார். "ஏம்புள்ள, ஊருக்குள்ள இத்தன சத்தமா! இதுல எப்புடிக் குடியிருப்பாங்க?" என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்டார்! அன்று சாயங்காலத்துக்குள் அத்தனை தொழிற்சாலைகளையும் இடித்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒதுக்குப்புறமாக வைத்துவிட்டார். வேலைக்குப் போக பஸ் விட்டார். சனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கறுத்த வீடுகளில் விளக்கெரிந்தது.

அவருடைய ஊர் தேறிவிட்டது. எங்கள் புது வீடுதான் அவர் சம்மதம் இல்லாமல் தொடங்காமலே கிடந்தது. ஒரு நாள் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டறைக்குள் போய் அவர் எதிரே நின்று, குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன். "அங்க போனாலும் உங்க முகத்தைப் பார்த்துத்தான் பேசுவேன்." முழுதும் படித்துக்கொண்டார். அறுந்த நூலை முடிபோடக் குனிந்துகொண்டார். ஆனால் அடுத்த வாரம் அவரே மேஸ்திரியை வரச்சொல்லி மனைக்கு அழைத்துப்போனார்.

மேஸ்திரி சுண்ணாம்பில் கோடு போட்டுக் காட்டினார். இது கூடம், இது படுக்கை அறை, தென்கிழக்கு மூலையில் சமையல் அறை, அடுப்பு கிழக்குச் சுவரோடு. அந்தக் கோட்டுக்குள் போய் நான் சமைப்பது போல நின்று பார்த்தேன். என் முகத்துக்கு நேரே சுவர். கூடம் முதுகுக்குப் பின்னால், அவர் நாற்காலி போட்டு உட்காரப்போகிற இடத்துக்கு என் பின்னல்தான் தெரியும். நாளில் பாதி நான் நிற்கப்போகிற இடம் அது.

"அடுப்பு மேடையை இந்தப் பக்கம் திருப்பிடுங்க. நடுச்சுவரு இடுப்பு உயரம் போதும். நான் கூடத்தைப் பார்த்துச் சமைக்கறேன்" என்றேன்.

மேஸ்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மேக்க பாத்துச் சமைக்கறதுங்களா? ஊட்டுக்கு ஆகாதுங்கம்மா. யாரும் அப்புடி வெக்கறதில்லீங்க. எதுக்குங்க அப்புடி?"

எனக்குச் சொல்லத் தெரியும். ஆனால் அது என் வாயால் சொல்லக்கூடிய காரணம் இல்லை. மேஸ்திரி அவர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கண்ணா" என்றார். அவர் மேஸ்திரியின் வாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஜாதகம், மூலை, திசை எதையும் மீறாதவர். வேண்டாமென்று தலையாட்டிவிட்டால் வேலை முடிந்தது.

"மேஸ்திரி, எனக்குக் காது கேக்கறதில்லீங்க" என்றார். "அவ வாயப் பாத்தாத்தான் எனக்குப் பேச்சு. அவ சொல்றபடியே வையுங்க."

தறிக்குள் நின்று பேசுகிற அதே குரலில்தான் சொன்னார். அவருக்கு வேறு குரல் கிடையாது. அந்தக் காட்டில் அது ரோடு வரைக்கும் போனது. கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த யாரோ ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

மேஸ்திரி தாம் போட்ட கோட்டைக் காலால் அழித்துவிட்டு, மேடையைத் திருப்பிப் போட்டார்.