கலியாணத்துக்கு அடுத்த நாள்

எங்கள் அலுமாரியின் அடித்தட்டில் ஒரு நாவல் கிடக்கிறது. மட்டை எப்போதோ போய்விட்டது. பழைய கலண்டர் தாளால் உறை போட்டிருக்கிறேன். போர்க்கால இடப்பெயர்வுகளில் அம்மாவின் நகைப்பெட்டியே தொலைந்தது. இது மட்டும் எப்படியோ சாக்குக்குள் கூடவே வந்தது. இந்த ஒரு கிழமைக்குள் மூன்று தரம் கையில் எடுத்துவிட்டேன். வாசிக்க மனம் வரவில்லை.

முரசுமோட்டையில் நான் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட காலம் அது. கச்சான் கடலை உடைக்கும் நாட்களில் நான் உரத்து வாசிப்பேன். அம்மாவும், கூலிக்கு வரும் அக்காவும் கோது உடைத்தபடி கேட்பார்கள். அக்காவின் ஆட்கள் தேயிலை மலையிலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறியவர்கள். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பங்களா வீட்டுப் பிள்ளை ஒருவன், ஏழைப் பெண் ஒருத்தி, நடுவில் கல்நெஞ்சுத் தாய். ஏழைப் பெண் நல்லவள் என்று காட்ட அவளை அழகியாகவும், எதிர்த்து ஒரு சொல் கதையாதவளாகவுமே எழுதியிருப்பார்கள். அந்தத் தாய் அவளை வாசலில் நிறுத்தி ஏசும் இடத்தில் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பா. பிறகு எழும்பிக் குசினி அடுப்பில் தண்ணி வைத்துத் தேத்தண்ணி ஊற்றுவா. அக்காவுக்கு மட்டும் குசினிக்கு வெளியே ஆணியில் தொங்கும் தகரப் பேணியில். குடித்ததும் அக்கா அதைத் தானே கழுவிக் கிணற்றுக்கட்டில் கவிழ்த்து வைப்பா. கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். எனக்கு அதில் ஒன்றும் பிழையாகத் தெரியவில்லை.

இந்த நாவல் தாலி கட்டுவதோடு முடிந்த அன்று அக்கா கேட்டா: "கலியாணத்துக்கு அடுத்த நாளு அந்தப் புள்ள எங்க குந்திச் சாப்பிட்டுச்சு, தங்கச்சி?"

நான் தாளைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"உனக்கு எந்த நேரமும் சாப்பாட்டு யோசினைதான்" என்றா அம்மா. எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தா.

இப்போது என் மகன் அந்த அக்காவின் மகளைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறான். அவன் சொன்னதும் என் வாயில் வந்தது இதுதான்: "ஊர் என்ன கதைக்கும்? உன்ர தங்கச்சிய ஆர் கேட்டு வருவினம்?"

அவன் அலுமாரியின் அடித்தட்டைப் பார்த்தான். "அம்மா, புத்தகத்தப் பாத்தோ கதைக்கிறியள்?"

அன்று பிள்ளையாருக்கு விளக்கு வைத்தேன். நாள்தோறும் பாடும் தேவாரம் பாதியில் மறந்துபோனது.

நேற்று அக்கா வந்தா. கதிரையில் இருத்தினேன். விருந்தாட்களுக்கு எடுக்கும் கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி கொடுத்தேன். அவ குடித்து முடித்துவிட்டுச் சொன்னா: "எம் மகளுக்கு வாயி இருக்கு, தங்கச்சி. நீங்க வாசிச்ச கதையில வர்ற புள்ள மாதிரி பேசாம நிக்காது. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

பிறகு கிளாசை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனா. கழுவினா. கிணற்றுக்கட்டில் கவிழ்த்து வைத்தா. "விடுங்கோ அக்கா, நான் கழுவுறன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசல் படலையைத் தாண்டிவிட்டா.

பின்னேரம் மகனிடம் சொன்னேன்: "ஞாயிற்றுக்கிழமை அவையளச் சாப்பிட வரச் சொல்லு."

"எங்க இருத்துவியள்?"

"குசினிக்குள்ள. என்ர பக்கத்தில."

கிளாஸ் இன்னும் கிணற்றுக்கட்டில்தான் இருக்கிறது; எடுக்கப் போய், எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். நாவலை எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரித்தேன். தாலி கட்டுகிறார்கள், பூத் தூவுகிறார்கள். அடுத்த தாள் வெறும் வெள்ளை. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.