ஸ்கேன் அக்காவின் கோணல் தையல்

புத்தரைப் பார்க்கப் போகிறவர்கள் பட்டியலில் ஸ்கேன் அக்காவும் பெயர் கொடுத்திருக்கிறாள் என்று கேட்டதும் பட்டியலை வாங்கி நானே ஒரு தடவை பார்த்தேன். அவளுக்கும் புத்தருக்கும் என்ன சம்பந்தம்? எட்டு வருஷமாகப் பார்க்கிறேன், எங்களில் ஒருத்தியின் கல்யாணத்துக்குக்கூட அவள் வந்ததில்லை. யாரும் கூப்பிட்டதுமில்லை, அது வேறு விஷயம்.

எங்கள் தையல் தொழிற்சாலையின் வாசலில் பெண்களைச் சோதித்து அனுப்புவதுதான் அவள் வேலை. காலையில் உள்ளே போகும்போது ஒரு தடவை, மாலையில் வெளியே வரும்போது ஒரு தடவை. தோளில் தொடங்கி இடுப்பு வரை தடவிப் பார்ப்பாள், பைக்குள் கையை விடுவாள், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பாள். ஒரு பொத்தான்கூடத் தப்பாது. பட்டன் தைக்கிறவளின் கொண்டைக்குள் மறந்துபோயிருந்த ஊசியை ஒருநாள் விரலாலேயே கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து அவள் ஸ்கேன் அக்கா. சொந்தப் பெயர் எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.

காலையில் நாங்கள் போகும்போது இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு நிற்பாள். ஆள் பக்கத்தில் வந்த பிறகுதான் கையை வெளியே எடுப்பாள். மகாராணி கைகட்டி நிற்கிறாள் பார், என்ன திமிர் என்று வரிசையில் முணுமுணுத்துக்கொள்வோம்.

இதெல்லாம் சும்மா வாய்க்கு அவல். உண்மையான கோபம் பின்கதவு விஷயத்தில்தான். துணி திருட்டுப் போகிறதென்று இஸ்திரிப் பகுதியின் பின்கதவை வேலை நேரம் முழுக்கப் பூட்டி வைக்கச் சொல்லியிருந்தார் மேனேஜர். பூட்டுகிறவள் ஸ்கேன் அக்கா, சாவி அவள் இடுப்பில். போன மாதம் இஸ்திரிப் பெட்டி ஒன்றின் வயர் எரிந்து புகை கிளம்பியபோது அறுபது பேர் அந்தக் கதவில் போய் மோதினோம். அவள் வாசலிலிருந்து ஓடி வந்து சாவியைப் போட்டுத் திறப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. நூல் வெட்டுகிற பெண் மயங்கி விழுந்தாள், அவளுக்கு அப்போது ஐந்து மாதம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, யார் செய்த புண்ணியமோ. மறுநாள் எட்டரை மணிக்கு ஸ்கேன் அக்கா எப்போதும்போல் போய் அதே கதவைப் பூட்டினாள். அன்றைக்கு நான் மனதுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

தொழிலாளர் அலுவலகத்து அதிகாரி வருஷத்துக்கு ஒரு தடவை தொழிற்சாலையைப் பார்வையிட வருவார். அன்றைக்கு மட்டும் பின்கதவு திறந்திருக்கும், மேனேஜர் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். இந்த முறை திங்கட்கிழமை வருகிறார் என்று ஆபீசில் தேநீர் கொடுக்கிற அம்மா சொல்லிவிட்டாள். கதவைத் தினமும் பூட்டுகிறார்கள் என்று மனு எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் கையிலேயே கொடுப்பது என்று முடிவு செய்தோம். ஆனால் உள்ளே நாலு பேர் சேர்ந்து நின்றால் சூப்பர்வைசருக்கு மூக்கு வியர்த்துவிடும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை புத்தர் கோயிலுக்குச் சுற்றுலா. நாற்பது பேர், ஒரு பஸ். மலைமேல் கையெழுத்து வாங்குவது, மறுநாள் காலையில் மனுவை நான் உள்ளே கொண்டுபோவது. காலர் தைக்கிற என் மெஷின்தான் நடைபாதையை ஒட்டி இருக்கிறது, அதிகாரி என்னைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

மனு வாசலில் சிக்கினால் கையெழுத்துப் போட்ட எல்லாருக்கும் சீட்டுக் கிழிந்துவிடும். அந்த வாசலில் நிற்கிறவளே எங்களோடு பஸ்ஸில் வருகிறாள் என்றால் என்ன நினைப்பது? மேனேஜர் அனுப்பிய ஆள் என்றுதான் நினைத்தோம். பெயரை அடித்துவிடலாம் என்றால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். வரட்டும், வேவு பார்க்க வந்தவளை நாம் வேவு பார்ப்போம் என்றேன். வாய் சும்மா இருந்ததா? அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். நல்ல புடவை கட்டி, அதற்குப் பொருந்தாத ஒரு பெரிய கறுப்புக் கைப்பையை மடியில் வைத்திருந்தாள். தம்பி வீட்டின் பின்பக்கம் ஒரு அறையில் இருக்கிறாளாம், தண்ணீர் பிடிக்கவும் துணி காயப்போடவும் தம்பி மனைவியின் முகம் பார்க்க வேண்டுமாம். பத்தொன்பது வயதில் தையல் வேலைக்கென்றுதான் இந்தத் தொழிற்சாலைக்கு வந்தாளாம். தைத்துக் காட்டச் சொன்னார்களாம், தையல் ஒரு பக்கமாக ஓடிவிட்டதாம். இவளுக்கு மெஷின் சரிப்படாது, வாசலில் நிறுத்துங்கள் என்றார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. வாயைக் கிளறுகிறவர்கள் முதலில் தங்கள் கதையைத்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா?

மலையடிவாரத்திலிருந்தே சிலை தெரிந்தது. வெள்ளை வெளேரென்று, உட்கார்ந்த கோலத்தில், ஏழு மாடி உயரம். வலது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டிக்கொண்டிருந்தார். 'பாவம், இவரையும் வாசலில் நிறுத்திக் கையைத் தூக்கச் சொல்லிவிட்டார்கள்' என்று பட்டன்காரி என் காதைக் கடித்தாள்.

செருப்பைக் கழற்றிக் கொடுத்து டோக்கன் வாங்கினோம். படிக்கட்டின் தொடக்கத்தில் காவலுக்கு நின்ற சின்னப் பெண் எல்லார் பையையும் திறந்து பார்த்தாள். ஸ்கேன் அக்காவின் முறை வந்தபோது யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி நின்றாள். அந்தப் பெண் சிரித்து, வேண்டாம்மா, போங்க என்றாள். நாலு படி ஏறியதும் ஸ்கேன் அக்கா என் பக்கம் குனிந்து, அந்தப் பெண் எந்தப் பையிலும் உள்துணியைத் தொட்டே பார்க்கவில்லை, நூறு பேர் நூறு சாமான் கொண்டுபோகலாம் என்றாள். என் துணிப்பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். எதற்கு இதை என்னிடம் சொல்கிறாள்?

ஐந்நூற்று நாற்பது படி. மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. புத்தரின் கால் கட்டைவிரலே என் இடுப்பு உயரம் இருந்தது. ஒரு வழிகாட்டி எத்தனை டன் சிமெண்ட், எத்தனை வருஷ வேலை என்று யாருக்கோ ஒப்பித்துக்கொண்டிருந்தான். பட்டன்காரி ஸ்கேன் அக்காவை முன்பக்கம் நிறுத்தி, இப்படித் திரும்புங்க, அப்படித் திரும்புங்க என்று போட்டோ எடுத்துத் தள்ளினாள். அந்த நேரத்தில் மற்றவர்கள் ஒவ்வொருத்தியாகச் சிலையைச் சுற்றுகிற சாக்கில் புத்தரின் முதுகுப் பக்கம் வந்தார்கள். நான் மனுவை நீட்டினேன். நூல் வெட்டுகிற பெண் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து, எல்லாரையும்விடப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள். காலையில் முதல் ஆளாகப் போட்ட பட்டன்காரியையும் சேர்த்து முப்பத்தொன்பது, ஸ்கேன் அக்கா மட்டும்தான் பாக்கி.

நேராகக் கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டேன். என் துணிப்பையின் உள்துணியைப் பிரித்து, மனுவை நாலாக மடித்து வைத்து, கையோடு கொண்டுபோன ஊசி நூலால் தைத்து மூடினேன். பிசிறில்லாத வேலை. என் கைத்தையலில் மேனேஜரே குறை சொன்னதில்லை.

திரும்பி வந்தபோது ஸ்கேன் அக்கா தனியாகக் கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தாள். காற்று பிய்த்துக்கொண்டு போனது. இங்கேயும் கை இரண்டும் அக்குளில். எரிச்சலில் கேட்டே விட்டேன்.

"இங்கயும் எதுக்குக்கா கைகட்டி நிக்கிறீங்க? இது என்ன நம்ம கேட் வாசலா?"

"என் கை சட்டுன்னு ஜில்லுனு ஆயிடும்மா. காலையில அப்படியே உங்க மேல வச்சா துள்ளுவீங்கல்ல. அதான் சூடு பண்ணிப் பழகிடுச்சு."

எட்டு வருஷமாக அந்தக் கை என் முதுகில் பட்டிருக்கிறது, ஒருநாளும் ஜில்லென்று இருந்ததில்லை. ஆனாலும் மனம் இளகவில்லை. நல்லவள் வேஷம் போடுகிறாள், கையெழுத்துப் போட்டது யார் யாரென்று இனிமேல் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. கேட்காததும் சந்தேகமாக இருந்தது.

இறங்கும்போது வெயில் ஏறிப் படி கொதித்தது. வெறுங்காலில் துள்ளித் துள்ளி இறங்கினேன், ஒரு படியில் கால் வழுக்கியது. "பையக் குடு, கைப்பிடியப் பிடிச்சு இறங்கு" என்று வெடுக்கென்று பையை வாங்கிக்கொண்டாள் ஸ்கேன் அக்கா. நான் சுதாரிப்பதற்குள் அவள் விரல்கள் பைக்குள் போய்விட்டன. வேண்டுமென்று செய்தாளா, பழக்க தோஷமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்துணியில் ஒரு இடத்தில் விரல் நின்றது. கீழே வரும்வரை அவள் பையைத் தரவில்லை. மீதிப் படிகளை எப்படி இறங்கினேனோ, எனக்கே தெரியாது.

செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் என்னை உட்கார வைத்தாள். மற்றவர்கள் டீக்கடைப் பக்கம் போயிருந்தார்கள்.

"பழைய பை. எல்லாத் தையலும் தொங்குது. இது ஒண்ணு மட்டும் அடிஸ்கேல் வச்ச மாதிரி இருக்கு," என்றாள். "நாளைக்கு மேனேஜரே கேட்ல நிப்பாரு. துணிக்காரர் அவர், தொட்டவுடனே தெரிஞ்சுடும்."

யாராவது வருகிறார்களா என்று நான் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"பிரிச்சுட்டு நான் தைக்கிறேன். எனக்குத்தான் நேராத் தைக்க வராதே. ஊசியக் குடுத்துட்டு நீ போய் ரெண்டு பேர் செருப்பையும் வாங்கிட்டு வா."

"நீங்க எதுக்குக்கா இன்னைக்கு வந்தீங்க?"

"நாப்பது பேரு போறீங்க. ஒருத்தியும் கூப்பிடல. சரி, நாமளே போவோம்னு வந்தேன்."

பையோ அவள் மடியில். பிடுங்கிக்கொண்டு ஓடினால் பஸ் கிளம்புவதற்குள் மேனேஜருக்குப் போன் போட்டுவிடுவாள். வேறு வழியில்லாமல் ஊசியைக் கொடுத்துவிட்டு வரிசையில் போய் நின்றேன். எட்டி எட்டிப் பார்த்தேன். சுற்றுலா வந்த ஒரு பெரிய குடும்பம் நடுவில் நின்று என் கண்ணை மறைத்தது. அவர்கள் நகர்ந்தபோது ஸ்கேன் அக்கா குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். பையைத் திருப்பிக் கொடுத்தபோது தையல் மாடு நடந்த தடம் மாதிரி இருந்தது.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. துணியை அழுத்திப் பார்த்தேன், உள்ளே காகிதம் சலசலத்தது. ஆனால் அது என் காகிதம்தானா? மனுவை எடுத்துக்கொண்டு வேறு எதையாவது வைத்துத் தைத்திருந்தால்? பிரித்துப் பார்க்கலாமென்று இரண்டு முறை கத்தரிக்கோலை எடுத்தேன். பிரித்தால் மறுபடி தைக்க வேண்டும். எவ்வளவு முயன்றாலும் என் கைக்கு அவளைப்போலக் கோணலாகத் தைக்க வராது.

திங்கட்கிழமை அவள் சொன்ன மாதிரியே மேனேஜர் வாசலில் நின்றிருந்தார். ஸ்கேன் அக்கா வழக்கம்போல் அக்குளில் கையோடு. என் தோளைத் தடவினாள், இடுப்பைத் தடவினாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பைக்குள் கைவிட்டு, "போ" என்றாள். இருங்கள் என்று சொல்லி மேனேஜர் பையை வாங்கி உள்பக்கம் வெளியே வரத் திருப்பினார். கட்டைவிரலால் அந்தத் தையலை நெருடினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இதென்ன கண்ணை மூடிக்கொண்டு தைத்ததா, காலர் தைக்கிறவளுக்கு இது அசிங்கமாக இல்லையா என்று கேட்டுப் பையை என் மேல் வீசினார். ஸ்கேன் அக்கா அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

கழிப்பறைக்குள் போய்த் தையலைப் பிரித்தேன். எங்கள் மனுதான். முப்பத்தொன்பது கையெழுத்தும் அப்படியே இருந்தன. அவற்றுக்குக் கீழே, வரி ஏறியும் இறங்கியும், வேறு கையில் எழுதியிருந்தது.

"இந்தக் கதவைத் தினமும் காலை எட்டரை மணிக்கு மேனேஜர் சொல்லி நான்தான் பூட்டுகிறேன். தீப்பிடித்த அன்றும் நான்தான் பூட்டினேன். சாவி என்னிடம் இருக்கிறது. கேட்டால் தருகிறேன்."

அதற்குக் கீழே அவள் பெயர். எட்டு வருஷத்தில் அன்றுதான் அது எனக்குத் தெரிந்தது.

அந்த வரியைக் கிழித்துவிட்டுக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அது இல்லாவிட்டால் நாங்கள் சொல்வது வெறும் புலம்பல், மேனேஜர் சிரித்தே மழுப்பிவிடுவார். அது இருந்தால் அவள் கதி என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அவளுக்கும் தெரிந்துதான் எழுதியிருந்தாள். தாளைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவளைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தைக்கும் சேர்த்து அழுதேன். பதினொரு மணிக்கு அதிகாரி என் மெஷினைத் தாண்டியபோது எழுந்து முழுத்தாளையும் அவர் கையில் கொடுத்தேன். அவர் நின்ற இடத்திலேயே கடைசிவரை படித்தார். சாவி வைத்திருப்பவரை வரச் சொல்லுங்கள் என்றார். மேனேஜரின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

அன்று மாலைக்குள் பின்கதவின் நாதாங்கியையே கழற்றிவிட்டார்கள். வீட்டுக்குப் போகும்போது வாசலில் சோதிக்க யாருமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் புதிதாக ஒருத்தி நின்றாள். சின்ன வயசு, சிரித்த முகம், வாங்கக்கா என்று என்னைக் கூப்பிட்டாள். முதுகில் கை வைத்தாள். அது ஜில்லென்று இருந்தது, நான் துள்ளிவிட்டேன்.