அடங்கின கந்தகம்

அண்ணையின் கண் மஞ்சளித்து இருபது நாளாகியிருந்தது. ஊர் வைத்தியரான பரியாரியார் வெறும் செங்கமாரிக் காமாலை என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தாதிப் பயிற்சி முடித்து விடுப்பில் உரும்பிராய் வந்த எனக்குப் பட்டது வேறு. பித்தக்குழாய் எங்கோ அடைபட்டிருக்கிறது. கத்தி வைக்கத் தெரிந்த டாக்குத்தர் பார்க்கவேண்டும். காரணங்களை ஒரு தாளில் எழுதினேன்: தோலில் அரிப்பு, சுண்ணாம்பு நிறத்தில் மலம், விலாவின் கீழே நோவு. நான்காவது, சிறுநீரில் பித்த உப்பு; அதைச் சோதித்துத்தான் எழுதலாம்.

அண்ணையின் சிறுநீரைக் கண்ணாடிக் குவளையில் ஆறவைத்தேன். இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீர். இரண்டின் மேலும் ஒரு சிட்டிகை கந்தகத்தூள் தூவினேன். கந்தகம் தண்ணீரைவிட இருமடங்கு கனம். வள்ளம் தான் விலக்கிய நீரின் பலத்தில் மிதக்கிறது. இந்தத் தூளுக்கு அது போதாது. நீரின் மேற்பரப்பு தோல்போல இழுபட்டு நின்று அதைத் தாங்குகிறது. பித்த உப்புக் கலந்தால் அந்த இழுவை தளர்ந்துவிடும்.

கிணற்றுத் தண்ணீரில் தூள் மஞ்சள் படையாகக் கிடந்தது. மற்றதில் பொலபொலவென்று இறங்கி அடியில் அடங்கியது.

குவளையில் சவுக்காரம் ஒட்டியிருந்தாலும் இப்படித்தான் தாழும். அந்த எண்ணத்தையே பிடித்துக்கொண்டேன். வெந்நீரில் ஏழு தரம் அலசிவிட்டுப் பார்த்தேன். தாழ்ந்தது. புதுக் குவளை எடுத்தேன். தாழ்ந்தது.

அம்மா குனிந்து பார்த்தார். "என்ன பிள்ளை, அடங்கீட்டுதோ?"

"ஓம், எல்லாம் அடங்கீட்டுது," என்றேன், தூளையே பார்த்தபடி.

எங்கள் வீட்டில் காய்ச்சல் அடங்கும், இருமல் அடங்கும். அம்மா முற்றத்தில் நின்ற ஐயாவிடம் ஓடினார். "இஞ்சருங்கோ! பிள்ளையின்ரை சோதனையிலை வருத்தம் அடங்கீட்டுதாம்!"

நான் வெளியே வருவதற்குள், அண்ணையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மறுநாளுக்குப் பேசியிருந்த கார் வேண்டாமென்று ஐயா ஆளனுப்பிவிட்டார்.

"ஐயா, தூள் அடியிலை தாண்டால் கூடாது. மிதக்கவேணும்."

"நீதானே அடங்கீட்டுதெண்டனி? இப்ப மாத்திக் கதைக்காதை."

"உவளுக்கு அவனைக் கீறிப் பாக்கவேணும்," என்றார் அம்மா.

அண்ணை உள்ளே இருந்து சிரித்தார். "என்ரை மூத்திரத்துக்கு இவ்வளவு சண்டையோ? கொண்டுபோய் வாழைக்கு ஊத்துங்கோ. தங்கச்சி, எனக்கு இண்டைக்குச் சுகம்தான்." சொல்லும்போதே முழங்கையைச் சொறிந்தார்.

நான்காவதையும் எழுதித் தாளை ஐயாவிடம் கொடுத்தேன். முழுவதும் வாசித்தார். மடித்து என்னிடமே தந்தார்.

விடுப்பு முடிந்து, திங்கட்கிழமை பஸ்ஸில் எனக்கு மட்டும் டிக்கற் எடுத்தேன்.