எங்க வலிக்குதுன்னு கேட்ட குரல்

கிருத்திகைக்கு வந்திருக்கிற சொந்தங்களே, முருகன் எனக்குச் செஞ்சதை உங்க முன்னாடி சொல்லாம இருக்க முடியலைங்க.

நான் போர்வெல் ரிக் வண்டியில வேலை பார்க்கறவன். பதினெட்டு வயசுல வந்த பரு கன்னமெல்லாம் பள்ளமாக்கிட்டுப் போச்சு. தாடையோரம் மட்டும் தழும்பு கெட்டியாத் தடிச்சு, வருசா வருசம் வளர்ந்துக்கிட்டே வந்துச்சு. கல்யாண வீட்டுல போட்டோ எடுத்தா நான் பின்னாடி நகர்ந்துக்குவேன்.

போன மாசியில காப்பீட்டு அட்டையோட அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். "மூஞ்சித் தழும்பைச் சரி பண்ணோணுங்க"ன்னேன். கவுன்டர்ல இருந்த அம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க: "அழகுக்காகச் செய்யறது இதுல வராதுங்க தம்பி. எதுக்கும் நாளைக்குத் தோல் டாக்டரைப் பாருங்க."

அழகு. அந்த ஒரு வார்த்தையில கூசிப் போயிட்டேன்.

ஊட்டுக்குப் போக மனசில்லை. பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில உட்கார்ந்தேன். உச்சி வெயில். தண்ணி மேல வெளிச்சம் துண்டு துண்டா மிதந்துச்சு. "முருகா, எனக்கு யாரு இருக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே கண் செருகிருச்சு. தூக்கமா, விழிப்பா, தெரியலை. அந்த வெளிச்சமெல்லாம் நகர்ந்து வந்து என் முகத்துல படிஞ்ச மாதிரி இருந்துச்சு. "எங்க வலிக்குது சாமி?"ன்னு ஒரு குரல். கண்ணைத் திறந்தா கரையில ஒரு கொக்கு மட்டும் நின்னுச்சு. அழுதேன். அதை யாருமே என்கிட்ட கேட்டதில்லை. நானும் யார்கிட்டயும் சொன்னதில்லை.

மறுநாள் என் மனைவி கோகிலாவும் கூட வந்தா. டாக்டரம்மா தாடையைத் தொட்டுப் பார்த்து, "வலிக்குதா?"ன்னாங்க. கூச்சத்துல "இல்லீங்க"ன்னு சொல்ல வாயெடுத்தேன். வரலை.

"வலிக்குதுங்க. அரிக்குது. கொட்டாவி விட்டா இழுக்குது."

கோகிலா என்னையே பார்த்தா. "எங்க பாப்பா ஆசையாத் தொட வந்தாக்கூட கையைத் தட்டி உட்டுர்றாருங்க. கோவம்னு நெனச்சேனுங்க."

டாக்டரம்மா சீட்டுல எழுதிக்கிட்டே சொன்னாங்க: "வலிக்கிற தழும்புன்னா அது வைத்தியம். இங்கயே ஊசி போட்டுக்கலாம், காசு வேண்டாம். பள்ளத்துக்குத்தான் ஒண்ணும் பண்ண முடியாது."

மாசம் ஒரு தடவை ஊசி. ஆடி முடியறதுக்குள்ள தடிப்பு அமுங்கிருச்சு. வலி போச்சு. பள்ளம் அப்படியேதான் இருக்கு, பாருங்க. இருந்துட்டுப் போகட்டுங்க.

சொல்லக் கூச்சப்பட்டு எதையாவது மனசுக்குள்ள பூட்டி வெச்சிருந்தீங்கன்னா, இன்னிக்கு அவன் முன்னாடி சொல்லிருங்க. அப்புறம் டாக்டர்கிட்டயும் போய்ச் சொல்லுங்க. அங்கயும் அவன் கூட வருவானுங்க.