மஹின் அக்காவின் பங்குனிப் புத்தாண்டு

மஹின் அக்கா போய்விட்டார் என்ற செய்தி மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, நான் சிவகாசிக் கடைத்தெருவில் அவருக்காகப் பூண்டு பொறுக்கிக்கொண்டிருந்தேன். "வருஷப் பிறப்புக்குள்ள வீட்டுக்கு வந்துருவேன் தங்கச்சி, எல்லாத்தையும் எடுத்து வை" என்று காலையில்தான் போனில் உத்தரவு போட்டிருந்தார். அழுகைக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அக்கா ஈரானில் பிறந்தவர். புனேயில் படித்தபோது என் கணவரின் அண்ணனை விரும்பி, எங்கள் பட்டாசுக் குடும்பத்துக்கு மூத்த மருமகளாக வந்தார். அவர்களுடைய புத்தாண்டான நவ்ரூஸ், வசந்தம் தொடங்கும் நாளில், பங்குனி முதல் வாரத்தில் பிறக்கும். எங்கள் ஊரில் அப்போது ரோட்டில் தார் இளகும். "இங்கன எங்கக்கா வசந்தம்?" என்றால், "நாம கொண்டாடினா வரும்" என்பார். ஒரு வருஷமும் வரவில்லை.

அவர்கள் மொழியில் 'ச' ஓசையில் தொடங்கும் ஏழு பொருள்களை மேசையில் வைக்க வேண்டும். ஆப்பிள், பூண்டு, வினிகர் கிடைத்துவிடும். சுமாக் என்ற சிவந்த புளிப்புப் பொடிக்கு நான் எங்கே போவேன்? "சுக்கு வச்சா என்ன? அதுவும் சு-தானே?" என்று ஒரு முறை கேட்டேன். "சுக்கு இருமலுக்கு. சுமாக் விடியலோட நிறம்" என்றார். அந்த விடியல் துபாயிலிருந்து கூரியரில் வந்தது.

புத்தாண்டுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை மாலையில் தீ மூட்டித் தாண்டுவது இன்னொரு சடங்கு. "என் மஞ்சளை நீ எடுத்துக்கோ, உன் சிவப்பை எனக்குக் கொடு" என்று தீயிடம் கேட்பார்களாம்; மஞ்சள் நோவாம், சிவப்பு தெம்பாம். வந்த முதல் வருஷமே கொல்லையில் சுள்ளி அடுக்கிவிட்டார். மாமனார் துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார். "ஏம்மா, தீப்பொறியப் பாத்தாலே ஊரு நடுங்குது. நம்ம வீட்டுலயா?" அக்கா வாதாடவில்லை, அழுதுவிட்டார். பெற்றோரைப் பார்க்க முடியாத வருஷம் அது. கடைசியில் ஒற்றை அகல்விளக்குக்கு அனுமதி கிடைத்தது. அவர் தாண்டி முடிக்கும்வரை இரு கையிலும் மணல் வாளியோடு நின்றார் மாமனார். பிறகு வருஷாவருஷம் நின்றார்.

புத்தாண்டுக்காகத் தட்டில் வளர்த்த கோதுமை முளையைப் பதின்மூன்றாம் நாள் ஓடும் தண்ணீரில் விட வேண்டும். வைப்பாற்றில் ஒரு வருஷம் மணல்தான் கிடந்தது. வெயிலில் ஊர் ஊராகக் கார் ஓட்டி, கடைசியில் சாத்தூர்ப் பக்கம் யாரோ ஒருவருடைய பம்புசெட் வாய்க்காலில் விட்டோம். "என்னம்மா, என் தோட்டத்துல செய்வினை வைக்கீகளா?" என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது எனக்குத்தான்.

போன வருஷம் அக்கா என் அண்ணன் விஷயத்தில் கைவைத்தார். நிலத் தகராறில் நாங்கள் பேசி வெகுகாலமாகியிருந்தது. "பழைய சண்டையோட புது வருஷத்துக்குள்ள போகக்கூடாது."

"அது உங்க வருஷம்க்கா."

"வயசு உனக்கும்தானே ஏறுது?"

விருதுநகரில் அண்ணன் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். நான் இறங்க மறுத்தேன். அக்கா ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. தெருவே எட்டிப் பார்த்தது. "யாருலே அது?" என்று கத்தியபடி வெளியே வந்த அண்ணன், என்னைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். இளைத்திருந்தான். "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்க வந்தது எனக்கு.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்து, முழங்கால் வலியையும் மருமகளின் குழம்பையும் பற்றிப் புலம்பித் தீர்க்கிறான். பாதியில் வைக்கவும் முடியவில்லை. அக்கா, நீங்கள் எனக்கு விட்டுப்போனது இவனைத்தான். பத்திரமாக வைத்திருக்கிறேன்.